நமக்கெதுக்கு

மார்ச் 3, 2024, ஞாயிறு

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மாலையிலிருந்து மழை. மேற்பார்வையாளர் வேலைக்கான விண்ணப்பப் பாரம் பதினொரு நாளாகக் கைப்பையிலேயே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். செம்பனை எண்ணெய் ஆலையின் எடைப்பாலத்தில் ஒன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வேலை தெரியும். ஆனாலும் பாரத்தை எடுத்தால் உடனே வேறு ஏதாவது வேலை நினைவுக்கு வந்துவிடுகிறது.

போன வருஷமும் இப்படித்தான். கடைசி நாள் இரவில் அவசரமாக எழுதி, ஒரு சான்றிதழை இணைக்காமலே கொடுத்தேன். கிடைக்கவில்லை. "ஒழுங்கா எழுதியிருந்தா கிடைச்சிருக்கும்" என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்படிச் சொல்வதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

இந்த நிம்மதியைப் பற்றி 1978-லேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்துவிட்டு, "நன்றாகச் செய்தாய்" என்று மாணவர்களைப் பாராட்டினார்கள். எப்படிச் செய்தோம் என்று அந்த மாணவர்களுக்கே தெரியாது. அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளைக் காட்டியபோது, அந்த ஆண்களில் பலர் திறமையைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட மருந்தையே கேட்டார்களாம். தோற்றால் பழி மருந்தின் மேல் விழும்.

நான் இணைக்காமல் விட்ட சான்றிதழும் அந்த மருந்துதான்.

மார்ச் 6, புதன்

மனத்தில் ஓடும் வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதினேன்: "எனக்கு மலாய் வராது. நேர்காணலில் சிரிப்பார்கள்."

எங்கிருந்து வந்தது என்று தெரியும். தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன், மலாய் படிக்க ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் இருந்தேன். நான் எழுதிய கட்டுரையை ஆசிரியர் உரக்கப் படித்தார், வகுப்பே சிரித்தது. அப்போது எனக்கு பதின்மூன்று வயது.

எடைப்பாலத்தில் லாரியைச் செம்பனைக் குலையோடு ஒருமுறை நிறுப்போம், குலையை இறக்கிய பிறகு வெறும் லாரியை மறுபடி நிறுப்போம். கழித்தால் வருவதுதான் குலையின் எடை. அந்த வாக்கியத்தையும் அப்படி நிறுத்துப் பார்த்தேன். ஓட்டுநர்களோடு தினமும் மலாயில்தான் பேசுகிறேன். மாத அறிக்கையையும் மலாயில்தான் எழுதுகிறேன். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது அந்த ஒரு நாள் சிரிப்பு மட்டும்தான். அது இன்னும் வலிக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

மார்ச் 7, வியாழன்

அம்மாவிடம் பாரத்தைக் காட்டினேன். "நமக்கெதுக்கும்மா வம்பு" என்றார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். இந்த முறை கோபப்படாமல், ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தைச் சொன்னார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய் நிற்பார்களாம். மேட்டு நெரை என்றால் மேட்டில் இருக்கும் மர வரிசை. "வாயத் தொறந்தவளுக்கு மேட்டு நெரைதான் கெடைக்கும். நாலு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அந்த மேட்டில் அம்மாவைக் காப்பாற்றிய சொல் அது. எடைப்பாலத்தில் எனக்கு மேட்டு நெரை கிடையாது. சொல்லை மட்டும் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

அப்புறம் அம்மாவே தாத்தாவின் பேச்சை எடுத்தார். இதே ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தாத்தா கூலியில் மிச்சம் பிடித்துப் பங்குப் பணம் கட்டினாராம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள். அப்படியானால் எங்கள் வீட்டில் "நமக்கெதுக்கு" என்று சொல்லாதவரும் ஒருவர் இருந்திருக்கிறார்.

மார்ச் 8, வெள்ளி

காலையிலேயே கொடுத்துவிட்டேன். எல்லாச் சான்றிதழும் இணைத்து.

மார்ச் 21, வியாழன்

நேர்காணல். மூன்று பேர் கேட்டார்கள். ஓரிடத்தில் சொல் வரவில்லை, தொண்டை அடைத்தது. "செகேஜாப்", கொஞ்சம் பொறுங்கள், என்று மலாயில் சொல்லிவிட்டு, யோசித்துப் பதில் சொன்னேன். காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. முடிவு அடுத்த மாதம்தான்.

வீட்டில் அம்மா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசிக் கேள்விக்குச் சொன்ன பதிலை மலாயிலேயே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.