லூதியானாவில் ஒற்று மிகும் இடங்கள்

நவம்பர் 4
லூதியானா வந்து ஐந்து நாள். திருப்பூரில் பனியன் என்றால் இங்கே கம்பளி ஸ்வெட்டர். இந்தி தெரியும், பஞ்சாபி தானாகப் பிடிபட்டுவிடும் என்று நினைத்து வந்தேன். நான் பேசுவது எல்லோருக்கும் புரிகிறது. அவர்கள் பேசுவதில் எனக்குப் பாதிதான். 'உடைய' என்பதற்கு இந்தியில் 'கா, கீ, கே' வரும் இடத்தில் இங்கே 'தா, தீ, தே' என்பது மட்டும் முதல் நாளே தெரிந்துவிட்டது.

நவம்பர் 7
நூல் கோன்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்று, ஏழு, எட்டுக்கு இந்தியில் தீன், சாத், ஆட். இங்கே தின்ன், சத்த், அட்ட். ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கைக்கு ஹாத், ஹத்த். வேலைக்கு காம், கம்ம். பாலுக்கு தூத், துத்த். இன்றைக்கு ஆஜ், அஜ்ஜ். எல்லாம் ஒரே கணக்கு! சமஸ்கிருத சப்த, ஹஸ்த, கர்ம எல்லாம் பிராகிருதத்தில் சத்த, ஹத்த, கம்ம என்று இரட்டித்தன. இந்தி அதில் ஓர் ஒற்றை விட்டுவிட்டு, முன்னால் நின்ற குறிலை நெடிலாக்கிக்கொண்டது. பஞ்சாபி ஒற்றை விடவே இல்லை. இதைப் போய் 'கொச்சை இந்தி' என்கிறார்களே, இந்த இடத்தில் பழைய உருவம் பஞ்சாபியிடம் அல்லவா இருக்கிறது!

ஓணத்துக்குப் பூக்களம் தொடங்கும் அத்தம் நாளும் அதே ஹஸ்தம்தான்.

நவம்பர் 8
நல்ல குளிர். தண்ணீர் கேட்டால் 'பாணீ' என்கிறார்கள், சுத்தமான ணகரம். கறுப்பு 'காளா'. தில்லியில் இந்த ளகரம் காதில் விழுந்ததே இல்லை. மராத்தியிலும் குஜராத்தியிலும் உண்டு. ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

நவம்பர் 11
இங்கே வேலையிடத்து மாஸ்டர்ஜி பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், பஞ்சாபி எழுதும் குர்முகி எழுத்தில் 'சத்த்' எழுதிக் காட்டினார். ச எழுதி, அதன் தலைமேல் சின்னப் பிறை ஒன்று வைத்து, பக்கத்தில் த. பிறைக்கு 'அத்தக்' என்று பெயர். அடுத்து வரும் எழுத்தை அழுத்து என்று அர்த்தம். நாம் புள்ளி வைத்த 'த்' போட்டுச் செய்வதை அவர்கள் பிறையால் செய்கிறார்கள்.

நவம்பர் 15
குதிரை, சாட்டை, தொழுநோயாளி. இவற்றுக்கான பஞ்சாபிச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'கோடா'. இந்தியில் 'க' நான்கு வகை (ka, kha, ga, gha); இந்திக் குதிரைக்கு நான்காவது 'க'. பஞ்சாபியில் அது முதல் 'க' ஆகிவிட்டது, குரல் மட்டும் கீழே இறங்கும். சாட்டைக்குக் குரல் சமமாகப் போகும், மூன்றாவதற்கு மேலே ஏறும். இதற்கு இந்தியும் கைகொடுக்காது, தமிழும் கைகொடுக்காது. டீ நேரம் முழுக்கக் குதிரையையே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாஸ்டர்ஜி தலையாட்டினார்: "ஆஹோ, பாஜி, ஆஹோ!" (ஆமாம் அண்ணா, ஆமாம்!)