மாஸ்டர் பிளான் வரைவுக்கு எங்கள் பேரூராட்சி கருத்து அனுப்பிய கதை

எந்த நிலம் எதற்கு, சாலை எங்கே என்று வகுக்கும் மாநகரின் முழுமைத் திட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் மாஸ்டர் பிளான், வரைவாக வெளிவந்தபோது எங்கள் பேரூராட்சியும் அதன் எல்லைக்குள் இருந்தது. நான் அங்கே வார்டு கவுன்சிலர். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கொங்குப் பக்கம், மாநகரை ஒட்டிய ஊர், அவ்வளவு போதும். மன்றத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தில் அடுத்த மாதமும் விழித்தாக வேண்டும்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 26ஆவது பிரிவுப்படி, வரைவைப் பற்றி அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆட்சேபனையும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நிறையத்தான். ஆனால் எங்கள் மன்றம் கூடுவது மாதம் ஒரு முறை, அஜெண்டாவும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். ஆக இரண்டு மாதம் என்பது இரண்டே கூட்டம். முதல் கூட்டம், “மாஸ்டர் பிளான்னா என்னங்க, வீட்டு வரி ஏறுமா?” என்பதிலேயே முடிந்துபோனது.

கவுன்சிலர் ஆவதற்கு முன் நான் பத்திர எழுத்தர் ஒருவரிடம் பல வருஷம் வேலை பார்த்தவள். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை எல்லாம் பழகிய சமாச்சாரம். அதனால் தலைவரம்மா வேலையை என் பக்கம் தள்ளிவிட்டார். “நீயே பாத்து எழுதிக் கொண்டா கண்ணு, ஈ.ஓ.கிட்ட நான் சொல்லிக்கறேன்.” ஈ.ஓ. என்பது எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர்.

வரைபடத்தைக் கூட்ட அறை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கு ஒரு டீ டம்ளர் வைத்தோம். அப்போது நடந்ததை எல்லா ஊரிலும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அத்தனை பேர் விரலும் முதலில் அவரவர் தோட்டத்தைத்தான் தேடியது. மஞ்சள் குடியிருப்பு, பச்சை விவசாயம், ஊதா தொழில். “எம்பட பூமி மஞ்சளா பச்சையா, அத மட்டும் சொல்லுங்” என்றார் ஒரு பெரியவர். சொன்னேன். பச்சை. மனுஷன் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நான் பத்திர ஆபீஸில்தான் இருந்தேன். பெண் கல்யாணத்துக்கு ஆகும் என்று சைட் வாங்கிப் போட்டவர்கள், விற்கவும் முடியாமல் விடவும் முடியாமல் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வருஷம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். காகிதத்தில் நிலம் என்ன வகை என்பதற்கு என்ன விலை என்று அன்றைக்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மன்றத்திலேயே சிலருக்குத் தங்கள் தோட்டம் மஞ்சளாக வேண்டும். ஒருவர் நேரடியாகவே கேட்டார்: “அக்கா, மன்றத் தீர்மானத்துல சேத்துட்டா வெயிட்டா இருக்குமில்லங்க?” இன்னொரு பக்கம், தென்னையும் மாடும் வைத்துப் பிழைக்கிறவர்கள், சுற்றிலும் சைட் போட்டால் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று பயந்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே தீர்மானத்தில் எழுத முடியாது. யார் நிலத்தை எழுதுவது, யார் நிலத்தை விடுவது என்று ஆரம்பித்தால் இரண்டாவது கூட்டமும் சண்டையிலேயே போயிருக்கும்.

அதனால் ஒரு கோடு போட்டோம். தனியார் நிலத்தின் வகை மாற்றத்தை மன்றம் தொடாது. வேண்டியவர்கள் அவரவர் பெயரில் மனு கொடுக்கட்டும், எழுதுவதற்கு நானே உதவுகிறேன். மன்றத் தீர்மானத்தில் பொதுவானவை மட்டும்: தண்ணீர் போகிற வழி, சாலை, சுடுகாட்டுப் பாதை. இதைச் சொன்னதும் இரண்டு பேர் முகம் கறுத்தது. “தப்பா வந்தா அஞ்சு வருஷத்துல மாத்திக்கலாம், விடுங்க” என்று ஒருவர் சமாதானம் சொல்லப் பார்த்தார். சட்டத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்யலாம் என்று இருப்பது உண்மை. நடப்பு வேறு. கோவைக்கு 1994இல் ஒப்புதலான திட்டத்துக்கு அடுத்த திட்டத்தின் வரைவு வந்தது 2024 பிப்ரவரியில். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்து 2026 வரைக்கும் ஓடுகிறது. இதில் விழுகிற கோடு நம் பேரப்பிள்ளைகள் வரைக்கும் நிற்கும் என்றேன். அப்புறம் யாரும் ஐந்தாண்டு பற்றிப் பேசவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. எங்கள் ஊர்க் குட்டைக்கு வடக்கிலிருந்து ஒரு பள்ளம் வருகிறது; எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். வருஷத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். ஐப்பசியில் ஒரே ராத்திரி மழையில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். பவானியிலிருந்து 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது: “இனி குழாய்லயே தண்ணி வந்துரும், பள்ளம் எதுக்குங்க?” குட்டை ஏற்கெனவே பாதி நிறைந்து நிற்கும்போது பெருமழை பிடித்தால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? குட்டை நிறைந்து வழியும் இடமான கலங்கைத் தாண்டி இறங்க அதே பள்ளத்தின் கீழ்ப்பகுதிதான் வேண்டும். அதை அடைத்து வீடு கட்டினால் முதலில் முழுகுவது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்.

மாநகர் முழுவதையும் காட்டும் வரைபடத்தில் பள்ளம் மயிரிழைக் கோடாகத்தான் தெரியும். வரைந்தவர்கள் மேல் குற்றமில்லை, அந்த அளவுக்கு அப்படித்தான். ஆனால் நாளைக்கு லேஅவுட் போடுகிறவருக்கு அந்த மயிரிழை கண்ணில் படாது. ஆகவே ஒவ்வொரு சர்வே எண்ணும் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ பதிவேட்டையும், அதன் அளவும் எல்லையும் வரைந்த புலப்படங்களையும் எடுத்து (அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே சர்வே எண் போட்டால் கிடைக்கிறது), பள்ளம் போகிற ஒவ்வொரு புறம்போக்கு உட்பிரிவையும் எழுதினோம். புலப்படத்தை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு அளவில் இருக்கும், வடக்குத் திசையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என் மகன் அலைபேசியில் படமெடுத்து ஒரே அளவாக்கிக் கொடுத்தான், இல்லாவிட்டால் கண் போயிருக்கும்.

சாலை வேறு கதை. வரைவில் ஊருக்குக் கிழக்கே ஓர் உத்தேசச் சாலை. நல்லதுதான், வேண்டியதும்கூட. ஆனால் அந்தக் கோடு இலவசப் பட்டா வாங்கிக் கட்டிய காலனி வீடுகளின் முன்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இட்டேரி இருக்கிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டிப் பாதை. பதிவேட்டில் அது பாதைப் புறம்போக்கு. கோட்டை அந்தப் பக்கம் நகர்த்தினால் யார் வீடும் போகாது, கையகப்படுத்த வேண்டிய தனியார் நிலமும் குறையும். இதைக் கேட்டுத் தனி வரைபடம் ஒன்றும் இணைத்தோம்.

தீர்மான வாசகத்துக்கே ஒரு சண்டை. இளம் உறுப்பினர் ஒருவர் எழுதி வந்ததில், ‘விவசாயத்தை அழிக்கும் இத்திட்டத்தை உடனே ரத்து செய்ய வேண்டும்’ என்று இருந்தது. சுவரொட்டிக்கு நல்ல வாசகம். மனுக்கள் கட்டுக் கட்டாகக் குவியும் மேசையில் உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு, எந்தத் தாளில் எந்தக் கோட்டை மாற்ற வேண்டும் என்று தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். கடைசியில் அட்டவணையாகவே போட்டோம்: சர்வே எண், வரைவில் இருப்பது, மன்றம் கேட்பது, காரணம், ஆதாரம். ஒவ்வொரு வரிக்கும் நகல் பின்னால் இணைப்பாக. ஒருவர் மட்டும் ஆட்சேபம் பதிவு செய்தார், மற்றபடி தீர்மானம் நிறைவேறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று மனுவிலேயே எழுதிக் கேட்க வேண்டும். கேட்டவர்களுக்குத்தான் சட்டம் அந்த வாய்ப்பைக் கொடுக்கச் சொல்கிறது. நாங்கள் கடைசி வரியில் அதைச் சேர்த்தோம். ஈ.ஓ. தபாலில் அனுப்பிவிடலாம் என்றார். நான் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்தேன். தனி மனுக்களையும் அதே பையில் எடுத்துப் போனேன், டீயை வைத்துவிட்டுப் போன பெரியவர் மனு உட்பட.

விசாரணை என்றதும் கோர்ட் மாதிரி இருக்கும் என்று பயந்துகொண்டு போனோம். நீள மேசை, வரிசையாக ஃபைல், எங்களுக்குக் கொஞ்ச நேரம். காலனி வீடுகள் பற்றி உருக்கமாகப் பேசத் தலைவரம்மா தயாராக வந்திருந்தார். அதிகாரி அதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் குறிப்பெடுத்தது இட்டேரியின் அகலத்தைப் பற்றித்தான். “புலப்படத்தில் உள்ள அகலம் இப்போது தரையில் இருக்கிறதா?” இல்லை. நடுவில் ஓரிடத்தில் இரு பக்க வேலியும் உள்ளே வந்து, பாதை ஒற்றை மாட்டு வண்டி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. உண்மையைச் சொன்னோம். வேலி யாருடையது என்று அவர் கேட்கவில்லை. இரண்டுமே கவுன்சிலர்கள் தோட்டத்து வேலி என்று நாங்களும் சொல்லவில்லை. பள்ளத்துக்கு, மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் எடுத்த படத்தைக் காட்டினேன். அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள்.

திருத்திய வரைபடத்தில் சுடுகாட்டுப் பாதை ஏறியிருக்கிறது. சாலைக் கோடு காலனியை விட்டு இட்டேரிப் பக்கம் நகர்ந்திருக்கிறது, வடகோடியில் மட்டும் பழையபடியே. பள்ளத்தின் இரு கரையிலும் கட்டடம் வரக்கூடாத அகலத்தைத் தனியாகக் குறிக்கச் சொன்னதற்கு, பொதுவான கட்டட விதிகளே போதும் என்று பதில். எனக்கு அதில் திருப்தியில்லை. லேஅவுட் விண்ணப்பம் வரும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அதற்காகவே சர்வே எண் பட்டியலை ஈ.ஓ. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெரியவர் நிலம் பச்சைதான்.

இப்போது திட்டம் அரசின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது. அதற்குள் இட்டேரியை அளந்து கல் நட்டுக் கொடுக்கச் சொல்லி வருவாய்த் துறைக்கு மனு போட்டிருக்கிறோம். வேலிக்காரர்கள் இருவருமே அதில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்கள். சாலை வந்தால் தங்கள் தோட்டத்துக்கு மெயின் ரோட்டு முகப்பு கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு.