பிரேக்கில் கரையும் பெட்ரோல்

மைலேஜைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் அதைச் சரியாக அளக்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே சொல்லும். பெட்ரோல் பங்கில், டேங்க் நிரம்பி பம்ப் தானாக நின்றதும் ('ஆட்டோ கட்') நிறுத்தச் சொல்லி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். 400 கி.மீ.யாவது ஓட்டிவிட்டு அதே பம்ப்பில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். மூன்று டேங்க் சராசரி இருந்தால் நம்பலாம். ரவுண்டாக்கித் தருகிறேன் என்று பங்குப் பையன் மேலே ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள். கணக்கு தப்புவதோடு, பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் திரவமே இறங்கி அது கெட்டுப்போகும்.

பழைய கணக்கோடு ஒப்பிடும்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் நினைவில் வையுங்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். 20 சதவீதக் கலப்பில், 10 சதவீதக் கலப்பைவிட 3 சதவீதத்துக்குச் சற்று மேலும், கலப்பில்லாத பெட்ரோலைவிட 6-7 சதவீதமும் ஆற்றல் குறைகிறது. அந்த அளவுக்கு மைலேஜ் இறங்கினால் வண்டியில் கோளாறு தேட வேண்டாம்.

ஊருக்குள் பெட்ரோல் போகும் பெரிய வழி பிரேக். ஒரு டன் எடையுள்ள காரை 60 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர, இன்ஜின் எரிபொருளில் கால் பங்கை உருப்படியாகப் பயன்படுத்துகிறது என்று வைத்தால், சுமார் 17 மில்லி பெட்ரோல் வேண்டும். சிவப்பு விளக்கில் பிரேக்கை அழுத்தி நிறுத்தும்போது அத்தனையும் டிஸ்க்கில் சூடாகிப் போகிறது. அதே காரை 40-லிருந்து நிறுத்தினால் நஷ்டம் 8 மில்லிக்குள். ஆகவே முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கை மட்டும் பார்க்காமல், அதற்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 200 மீட்டர் தள்ளி சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் அப்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம்.

காலை எடுக்கும்போது கியரிலேயே விடுங்கள். நியூட்ரலில் உருட்டுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியர் விழுந்திருக்கையில் காலை எடுத்தால், இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும். சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்றுகின்றன. ஆர்.பி.எம். 1,000-1,500 அளவுக்கு இறங்கிய பிறகே (வண்டிக்கு வண்டி மாறும்) மீண்டும் எரிபொருள் வரும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமலிருக்கத் தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ, கொல்லிமலையின் 70-ஓ, இறங்கும்போது இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் வந்தால் பெட்ரோல் செலவு ஏறக்குறைய இல்லை, பிரேக்கும் சூடேறாது. நியூட்ரலில் இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். மிச்சம் பிடிப்பதற்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

நெடுஞ்சாலையில் எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: 80-லிருந்து 100-க்குப் போனால் தடை 56 சதவீதம் அதிகம். சென்னையிலிருந்து திருச்சிக்கு 80-85-இல் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் டேங்க்கிலேயே தெரியும். காலியாக நிற்கும் ரூஃப் கேரியரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். இந்த வேகத்தில் ஜன்னலைத் திறப்பதைவிட ஏ.சி. மேல்.

டயர் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன் காலையில் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவுதான் சரி. ஓடிச் சூடான டயரில் 3-4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைவாக நிற்கும். 'ஷோ'வுக்காகப் பெரிய டயர் மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 185/65 ஆர்15 (டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவு) இருந்த இடத்தில் 185/70 ஆர்15 போட்டால் விட்டம் 3 சதவீதம் கூடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103 ஓடியிருக்கும், கணக்கில் மைலேஜ் குறைவாகத் தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு இடங்களை அவசியம் பார்க்கச் சொல்வேன். ஒன்று தெர்மோஸ்டாட்; இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று கழற்றிப் போடும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டி விட்டுக்கொண்டிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கவனியுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் கொஞ்ச நேரம் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை.

மற்றது, விடாமல் உரசும் பிரேக். அதிகம் பிரேக் பிடிக்காமல் 10 கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு வீலுக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் ஸ்லைடு பின் காய்ந்து இறுகியிருக்கக்கூடும். கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென விற்கும் சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் உப்பி, ஸ்லைடு பின் முன்பைவிட மோசமாக இறுகும்.