நூறு வயதுக் கொடி, ஒரு வயது ஒயின்: பரோஸாவில் ருசி பார்க்க

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கார் ஓட்டினால் பரோஸா ஒயின் பகுதியிலுள்ள டனுண்டா என்ற ஊர் வந்துவிடும். 1843-இல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சைக் கொடிகள் இங்கே லாங்மைல் தோட்டத்தில் இன்னும் காய்க்கின்றன. ஐரோப்பியத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபில்லாக்செரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவில் இதுவரை காலூன்றவில்லை. அதனால் இந்தக் கொடிகள் ஒட்டுச்செடியாக இல்லாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அந்தப் பூச்சி செருப்பு மண்ணிலும் ஒட்டிவரும். விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கில் அது இருக்கிறது. அங்கே சுற்றிய செருப்போடு இங்கே வராதீர்கள். யாராயிருந்தாலும் கேட்காமல் கொடி வரிசைக்குள் இறங்கக் கூடாது. ஓரத்தில் நின்றாலே தெரியும்: முறுக்கிய அடிமரம், உரிந்து தொங்கும் பட்டை, சிலவற்றின் நடுவே பொந்து.

'ஓல்டு வைன்' (முதுகொடி) என்று லேபிளில் போட்டிருப்பதை மட்டும் வைத்து நம்பிவிட வேண்டாம். பரோஸாக்காரர்கள் 2009-இல் ஒரு சாசனம் வகுத்தார்கள்: 35 வயது தாண்டினால் ஓல்டு, 70 சர்வைவர், 100 சென்டினேரியன், 125 ஆன்செஸ்டர். நட்ட ஆண்டைக் கேளுங்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்.

ருசி பார்க்கும்போது முதலில் கிரெனாஷ் என்ற சிவப்பு ஒயின் ரகத்தைக் கேளுங்கள், ஷிராஸ் பிறகு. வரிசை மாறினால் ஷிராஸின் கனத்தில் கிரெனாஷ் காணாமல் போகும். கிரெனாஷின் தோல் மெல்லியது, நிறம் வெளிறித்தான் இருக்கும். அதை வைத்து எடைபோடாதீர்கள். 1980களில் அரசே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னபோது மரியாதை இழந்த ரகங்களில் இதுவும் ஒன்று. தப்பிய கொடிகளின் ஒயின்தான் இன்று கண்ணாடிக் கோப்பையில் வருகிறது.

இள ஒயினைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. ஆல்கஹால் 14.5 சதவீதம் இருக்கும்போது 22 டிகிரியில் ஊற்றினால் மூக்கில் எரிச்சல்தான் ஏறும், பழ வாசனை அடங்கிவிடும். 16 டிகிரி சரி. வீட்டில் என்றால் ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம் வைத்தால் போதும். திறந்ததும் தீக்குச்சி உரசிய வாடை வந்தால் பயப்படாதீர்கள். காற்று படாமல் இருந்த கந்தக வாடை அது. கோப்பையைச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். வாய் அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது.

ஒரு சிறு மிடறு எடுத்து, ஈறுகளில் படும்படி உருட்டித் துப்புங்கள். கவனிக்க வேண்டியது நாக்கின் நடுப்பகுதி. பல சாதாரண இள ஒயின்கள் முதலில் பழமாக வெடித்து, நடுவில் வெறுமையாகிவிடும். நல்ல முதுகொடி ஒயினில் அந்தக் குழி இருக்காது. துப்பிய பிறகும் சுவை நீளும். துவர்ப்பு இருக்கும், ஆனால் பொடிமணலாக. வாய் மொத்தமும் வாழைக்காய் கடித்ததுபோல வறண்டால் கொடியைக் குறை சொல்லாதீர்கள். பழுக்காத விதையோ புது ஓக் பீப்பாயோ காரணமாயிருக்கலாம்.

ஓட்டுநருக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம், துப்பக் கூச்சப்பட வேண்டாம். வாங்கிய பாட்டிலைக் கோடையில் கார் டிக்கியில் விட்டால் மதியத்துக்குள் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டி எடுத்துப் போங்கள்.