சிறிய இறைச்சிக்கூடமும் விவசாய மண்டலமும்: வரைபடத்தில் முதலில் தேடுவது

விவசாய மண்டலத்தில் சிறிய இறைச்சிக்கூடம் கட்ட ஒருவர் விண்ணப்பித்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச்சு இரண்டு வாதங்களையே சுற்றிச் சுற்றி வரும். "என் மாட்டை என் நிலத்தில் அறுப்பதும் விவசாயம்தானே" என்பார் வளர்ப்பவர். "இது தொழிற்சாலை, வீடுகளுக்கு நடுவே கூடாது" என்பார் பக்கத்து நிலத்துக்காரர். இரண்டு பேரும் மனதில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அனுமதி கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க அந்தப் பேச்சு எதையும் அளந்து தருவதில்லை. இந்த வேலையில் பழகியவர்கள் வரைபடத்தை விரித்ததும் தேடுவது, ரத்தம் வடியும் குழாயை. அது கழுவுநீர்க் குழாயோடு சேர்ந்திருந்தால், தகராறு எங்கே முளைக்கும் என்பது மீதிப் பக்கங்களைப் புரட்டும் முன்பே தெரிந்துவிடும்.

காரணம் எளிய கணக்கு. 500 கிலோ மாட்டிலிருந்து 15 முதல் 20 லிட்டர் ரத்தம் வடியும். கழிவுநீரின் வீரியத்தை, அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனால் அளக்கும் பி.ஓ.டி. கணக்கில், வீட்டுச் சாக்கடை லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். ரத்தமோ 1,50,000 முதல் 2,00,000 மில்லிகிராம். ஒரு மனிதரின் ஒரு நாள் கழிவின் பி.ஓ.டி.யை 60 கிராம் என்று எடுத்துக்கொண்டால், ஒரே மாட்டின் ரத்தம் முழுவதும் வடிகாலில் இறங்குவது 40 முதல் 65 பேரின் ஒரு நாள் கழிவுக்குச் சமம். ஐந்தாறு பேர் குடும்பத்துக்குக் கட்டிய செப்டிக் டேங்க் இதைத் தாங்காது. முதல் சில வாரங்கள் எதுவும் தெரியாது. பிறகு உறிஞ்சுகுழியின் மண்ணில் கறுத்த வழவழப்பான படலம் படிந்து, நீர் இறங்காமல் மேலே கசியும். பக்கத்துக் கிணற்றுக்காரரின் பயம் அப்போது நியாயமாகிவிடுகிறது.

ஆகவே ரத்தம் வடியும் இடத்துக்கு ஏறக்குறைய 15 செ.மீ. உயரக் கரை கட்டி, தரையை 50-க்கு 1 என்ற சரிவில் தனி வடிகாலை நோக்கி இறக்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு வாய்கள் இருக்கட்டும்: ஒன்று ரத்தத் தொட்டிக்கு, இன்னொன்று கழுவுநீருக்கு. அறுப்பு நடக்கும்போது இரண்டாவது வாயை அடைப்பான் போட்டு மூடிவைக்க வேண்டும். பிழை நடப்பதும் இங்கேதான். ரத்தம் சில நிமிடங்களில் உறைந்து கட்டியாகிவிடும். அவசரத்தில் இருப்பவர் அடைப்பானை உருவிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவார். முதலில் ரப்பர் துடைப்பத்தால் தள்ளி, மண்வெட்டியால் அள்ளி, அதன் பிறகே தண்ணீர் என்ற வரிசையை அனுமதி நிபந்தனையிலேயே எழுதிவைப்பது நல்லது. இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடான சுத்திகரிப்புக் கருவி எதுவும் இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அடுத்தது தண்ணீர். கழுவுதல் எல்லாம் சேர்த்து மாட்டுக்கு ஆயிரம் லிட்டர் அளவில் வைத்துக்கொண்டால் திட்டமிடலுக்குப் போதும். "வாரத்துக்கு ஐந்து மாடு" என்று விண்ணப்பத்தில் எழுதியதும், அதை ஏழால் வகுத்து நாளுக்கு 700 லிட்டர்தானே என்று சொல்லிவிடுகிறார்கள். சிறிய கூடங்களில் அறுப்பு வாரத்தில் ஒரு நாள்தான் நடக்கும். அந்த ஒரே நாளில் 5,000 லிட்டர் வரும். செப்டிக் டேங்கை அந்த நாளுக்குத் தக்க அளவில் கட்ட வேண்டும். அதன் பின்னால் ஒரு சமன்செய் தொட்டி வைத்து, சிறிய பம்பால் நாளுக்கு 700 லிட்டராக உறிஞ்சுகுழிக்கு அனுப்பினால் மண்ணுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். தொட்டியின் மூடி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், காற்றுக்குழாய் கூரைக்கு மேல் போக வேண்டும்.

கொழுப்புத் தடுப்புத் தொட்டியை எல்லோரும் வரைந்துவிடுகிறார்கள், போதிய அளவில் வரைவதில்லை. கத்தி கழுவும் நீர் 82 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் கொழுப்பு உருகித் தொட்டியைத் தாண்டி ஓடி, குளிர்ந்த குழாயில் போய் இறுகும். நீர் ஆறுவதற்கு இடம் வேண்டும். கிருமிநாசினியிலும் இதே கவனம் தேவை. குவாட்டர்னரி அமோனியம் வகை அளவு மீறி இறங்கினால் செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

திடக்கழிவு. 500 கிலோ மாட்டில் 300 கிலோதான் தொங்கும் உடல். தோல், தலை, குடல், இரைப்பைச் சாணம், ரத்தம் எல்லாம் சேர்ந்து மீதி 200 கிலோ முன்பே பிரிந்துவிடும். எலும்பு நீக்கும்போது இன்னும் கழியும். கூட்டத்தில் "நாற்றம் வரும்" என்று சொல்பவர் அறுப்பை நினைத்துச் சொல்கிறார். நாற்றம் பெரும்பாலும் வருவது மறுநாள் வரை காத்திருக்கும் பீப்பாயிலிருந்து. மூடி போட்ட பீப்பாயைக் குளிர் அறையில் வைத்து, கொழுப்பு உருக்கும் ஆலையின் வண்டி வரும் நாளன்று மட்டும் வெளியே எடுத்தால் பாதிப் புகார் குறையும். வண்டி வராத தொலைவில் மட்கவைப்பதுதான் வழி: அடியில் 60 செ.மீ. மரச்சில்லு, மேலே அதே கனத்துக்கு மூடாக்கு, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு. மூடாக்கு மெலிந்த இடத்தைத்தான் நாயும் காகமும் முதலில் கண்டுபிடிக்கும். பல நாடுகளில் முதிர்ந்த மாட்டின் மூளையையும் தண்டுவடத்தையும் தனியே அழிக்கச் சட்டம் இருக்கிறது. அது குவியலில் சேரக் கூடாது. தோலை உப்பிட்டு வைத்தால் வடியும் உப்புநீரை எந்த உயிரியல் சுத்திகரிப்பும் நீக்காது. அதைக் கூரைக்குக் கீழே, தனித் தொட்டியில் பிடிக்க வேண்டும்.

இடைவெளி பற்றி நீண்ட வாக்குவாதம் நடக்கும். 100 மீட்டரா, 300 மீட்டரா? சத்தத்துக்கு அந்த எண்ணில் பொருள் இருக்கிறது. ஓரிடத்திலிருந்து வரும் சத்தம், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். ஆனால் சத்தம் என்றதும் அறுப்பு நாளைப் பற்றியே பேசுகிறார்கள். தூக்கம் கெடுப்பது இரவெல்லாம் ஓடும் குளிர்பதன கம்ப்ரசரும், முந்தின நாளே கொண்டுவந்து அடைத்த மாட்டின் கத்தலும். கம்ப்ரசரை வீடுகள் இல்லாத சுவர்ப் பக்கம் வைப்பதும், மாடுகள் அன்று காலைதான் வர வேண்டும் என்பதும் செலவில்லாத நிபந்தனைகள். நாற்றத்துக்கோ மீட்டர் கணக்கு உதவுவது குறைவு. காற்றில்லாத மாலையில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கும். 300 மீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு நாற்றம் போகும். 80 மீட்டரில் மேட்டில் இருக்கும் வீட்டுக்குப் போகாது. நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் சமமட்டக் கோடுகளைப் பார்க்காமல் இடைவெளி நிர்ணயிப்பது வெறும் ஒப்புக்குச் செய்யும் காரியம்.

போக்குவரத்து பெரிய சிக்கல் அல்ல. வண்டி வளாகத்துக்குள்ளேயே திரும்ப இடம் இருந்தால் போதும்.

வளர்ப்பவரின் தரப்பையும் எண்ணோடு பார்க்க வேண்டும். கூடம் தொலைவில் இருந்தால், பல மணி நேரம் வண்டியில் நின்று மிரண்ட மாட்டின் தசையில் சேமித்திருக்கும் சர்க்கரைப் பொருளான கிளைகோஜன் தீர்ந்துபோகும். அறுத்த பிறகு அமிலமாக மாற அது இல்லாததால், இறைச்சியின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடும்) 5.4 முதல் 5.7 வரை இறங்க வேண்டியது, 6-க்கு மேலேயே நின்றுவிடும். இறைச்சி கறுத்து, சீக்கிரம் கெடும். 2020-இல் கொரோனா பரவி அமெரிக்காவின் பெரிய ஆலைகள் மூடப்பட்டபோது, சிறிய கூடங்களில் அடுத்த ஆண்டு வரை முன்பதிவு நிரம்பிப்போனது. அதே நாட்டில் வாஷிங்டன் மாநிலத்து லோப்பஸ் தீவில் 2002-இல் அரசு ஆய்வுக்கு உட்பட்ட நடமாடும் அறுப்பு வண்டி ஓடத் தொடங்கியது. மாட்டைப் படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோகும் தொல்லை அதனால் தீர்ந்தது. வண்டிதானே, மண்டல அனுமதி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வண்டி நிற்கும் தளத்துக்கும் தண்ணீர், மின்சாரம், ரத்தத் தொட்டி, கழிவு எடுக்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றும் குறையாது. அறுப்பை வேறிடத்தில் முடித்து, வெட்டிப் பொட்டலம் போடும் வேலையை மட்டும் இங்கே செய்வதானால் சுமை பலமடங்கு இறங்கும். அதற்குத் தனி, எளிய அனுமதிப் பிரிவு வைப்பது நியாயம்.

கடைசியாக எண்ணிக்கை. "இன்று ஐந்து, நாளை ஐம்பது" என்ற அச்சம்தான் எதிர்ப்பின் உயிர். கட்டடப் பரப்பை வைத்து வரம்பு போடுவது இதைத் தடுக்காது. குளிர் அறையில் அறுத்த உடல்களைத் தொங்கவிடும் தண்டவாளத்தை அளந்து பார்க்கலாம். மாட்டின் ஒவ்வொரு பாதிக்கும் 60 செ.மீ. என்றால் முழு மாட்டுக்கு 1.2 மீட்டர். இறைச்சி பதமாக 14 நாள் தொங்கவிடும் கூடத்தில் 12 மீட்டர் தண்டவாளம் பத்து மாட்டைத் தாங்கும்; அதாவது வாரத்துக்கு ஐந்து. விண்ணப்பத்தில் ஐந்து என்று எழுதி வரைபடத்தில் 30 மீட்டர் போட்டிருந்தால், கூட்டத்துக்கு முன்பே விளக்கம் கேட்க வேண்டும். வரம்பை ஆண்டுச் சராசரியாக எழுதக் கூடாது. மேய்ச்சல் தீரும் பருவத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். வாரத்தின் உச்ச அளவாகவே எழுத வேண்டும். அறுப்புப் பதிவேடு, கழிவு வண்டியின் ரசீது, தண்ணீர் மீட்டர் மூன்றையும் ஒப்பிட்டால் எண்ணிக்கை பொய் சொல்லாது. நிலம் கைமாறினாலும் இதே வரம்பு புதியவரையும் கட்டும் என்றும், அதைத் தாண்ட வேண்டுமானால் புதிதாக விண்ணப்பித்து மறுபடி கருத்துக் கேட்புக்கு வர வேண்டும் என்றும் உத்தரவிலேயே இருக்க வேண்டும்.