சக்கரத்தில் சிக்கிய இலை

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், ஒற்றை ஓடுபாதை கொண்ட ஒரு சிறு விமானத் தளத்தில் சில ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தேன். ஒருநாள், பிரேக்கைப் பார்க்கச் சொல்லி ஒருவர் செஸ்னா 172 என்ற தம் சிறு விமானத்தை விட்டுச் சென்றார். இடது சக்கரத்தருகே குனிந்தால், பிரேக் குழாயில் இரண்டு பாதாம் இலைகள் சிக்கியிருந்தன. வாடக்கூட இல்லை. எங்கள் தளத்தின் பக்கம் பாதாம் மரமே கிடையாது.

மாலையில் வந்தவரிடம் கேட்டேன். சிரித்தார். மைத்துனரின் தோட்டத்துக்கு மேல் பறந்து கையசைத்துவிட்டு வந்தாராம். "கொஞ்சம் தாழ்ந்துவிட்டது போலிருக்கிறது" என்றார்.

அவரைக் கேட்பதற்கு முன்பே புரொப்பல்லரைத் தடவிப் பார்த்திருந்தேன். அது எதிலாவது அடிபட்டிருந்தால் என்ஜினையே பிரித்துச் சோதிக்க வேண்டும். நல்லவேளை, கீறல் இல்லை.

என்ஜின் நின்றுவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தில்தான் என் பிழைப்பு ஓடியது. ஆனால் என்ஜின் நின்றாலும் உயரம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஓர் அடி இறங்குவதற்குள் செஸ்னா 172 சுமார் 9 அடி முன்னே மிதந்துவிடும். 500 அடியில் இருந்தால், இறங்க இடம் தேட ஏறக்குறைய 40 விநாடி கிடைக்கும். மர உச்சியில் என்ன கிடைக்கும்? ஆளரவமற்ற வெளியிலும் மனிதர், வண்டி, கட்டடம் எதையும் 500 அடிக்குள் நெருங்காதே என்று அமெரிக்க விதி சொல்வது சும்மா இல்லை.

கையசைக்கப் போகிறவர்களின் கண் தரையில்தான் இருக்கும். இன்னொரு சுற்று வரலாமென்று சட்டெனச் சாய்த்துத் திருப்புவார்கள். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால், விமானம் மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 40 சதவீதம் கூடிவிடுகிறது. அந்த வேகம் இல்லாவிட்டால் இறக்கை தாங்காது. மேலே என்றால் மூக்கைத் தாழ்த்தி மீளலாம். கீழே, தாழ்த்த இடம் வேண்டுமே!

கற்றுக்குட்டிகளின் சங்கதி என்றும் தள்ளிவிட முடியாது. ஐகான் ஏ5 என்ற சிறு விமானத்தை உருவாக்கிய முக்கியப் பொறியாளர், சோதனை விமானி ஜான் கார்கோ. 2017 மே மாதம் இதே மாநிலத்தின் பெரியெஸ்ஸா ஏரியில், அதே ரக விமானத்தைத் தாழ்வாக ஓட்டிக்கொண்டு போனார். வேறொரு பள்ளத்தாக்கு என்று எண்ணி, மறுபக்கம் வழியில்லாத ஒன்றுக்குள் நுழைந்துவிட்டார் போலும். ஏறித் தப்பவும் முடியவில்லை, திரும்பவும் இடமில்லை. அவரும் உடன் சென்றவரும் இறந்தார்கள்.

எங்கள் தளத்தில் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் விமானி ஒருவர் இருந்தார். தினமும் பயிரை உரசிப் பறப்பதுதான் அவர் தொழில். அவர் விமானத்தின் முன்கண்ணாடியில் கம்பியை வெட்டும் கத்தி உண்டு. அப்படியிருந்தும், மின்கம்பி எங்கே ஓடுகிறதென்று மேலே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் இறங்க மாட்டார். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடு என்பார். அன்று அவரும் அருகில்தான் நின்றிருந்தார். என் கையிலிருந்த இலையைப் பார்த்துவிட்டு, எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்டார்.

செஸ்னாக்காரர் இடத்தைச் சொன்னார்.

"கிழக்கு ஓரத்துக் கம்பிக்கு மேலே போனீர்களா, கீழே போனீர்களா?"

அதே தோட்டத்துக்கு மேல் நான்கு முறை பறந்திருந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்பியா? அங்கே ஏது கம்பி?"