சொட்டு நீலம்

ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாம் நாள், கூடத்து மின்விசிறிக் கம்பியின் வழியாக ஒரு சொட்டு இறங்கி, அப்பா விரித்து வைத்திருந்த செய்தித்தாளின் தலையங்கத்தின் மேல் விழுந்தது. தலையங்கத்துக்கு அது தகும் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. 1984இல், செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து, ஆட்களை வரிசையாக உட்கார வைத்து நாள்கணக்கில் கட்டையால் அடிக்கச் செய்து, அதன்மேல் தட்டோடு பதித்த தளம் அது. அதன் பெருமையைக் கேட்காதவர் எங்கள் தெருவில் இருந்தால், அவர் போன வாரம் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

மெயினை அணைத்துவிட்டு ஆட்களை அழைத்தோம். பட்டியைச் சுரண்டி மறுபடி பூசினால் போதும் என்றார் பெயின்டர். குளியலறையே இல்லாத மாடியில் குழாய் கசிகிறது என்று அடித்துச் சொன்னார் பிளம்பர். ரசாயனப் பூச்சு அடிப்பவரோ, ஐந்து ரூபாய் நாணயத்தால் ஓடு ஓடாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, பாதி ஓடுகள் பிடிப்பு விட்டுவிட்டதாகவும், அடிவரை எல்லாவற்றையும் பெயர்த்தெடுக்க வேண்டும் என்றும் சொல்லி ஒரு தொகையையும் கூறினார். தொகையைவிட, கடுக்காயைப் பெயர்க்கச் சொன்னதுதான் அப்பாவுக்கு உறைத்தது.

மழை ஓய்ந்ததும் அவரே மாடியேறினார். மழைநீர்க் குழாயின் வாயருகே, கைப்பிடிச் சுவரோரம், டிஷ் ஆன்டெனாவின் காலடியில் என மூன்று இடங்களில் களிமண்ணால் பாத்தி கட்டி, நாளுக்கு ஒன்றாக நீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் என் மனைவி வாங்கி வைத்திருந்த சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்தார். முதலிரண்டு பாத்திகளால் ஒன்றும் நேரவில்லை. மூன்றாவதை நிரப்பிய மறுநாள் காலை, மின்விசிறியைச் சுற்றிக் கூரை சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு நீலமாகியிருந்தது. ஆன்டெனா நிற்பது அங்கிருந்து பத்தடி தள்ளி. காங்கிரீட்டுக்குள் புதைந்த ஒயர்க்குழாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

அந்த ஆன்டெனாவுக்காகத் தட்டோட்டில் நான்கு துளைகள் போட்ட அன்று அப்பா ஊரில் இல்லை. வெயிலுக்குக் குடை பிடித்தபடி நின்று, காற்றுக்கு ஆடும், இன்னும் ஆழமாகப் போடுங்கள் என்று சொன்னவன் நான்.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துளைகளை அடைத்த பிறகு, தளத்தின் ஈரம் முழுவதும் காய்வதற்குள் பெயின்ட் அடித்தால் கொப்பளித்து உரியும், ஆகையால் தை வரை கூரையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டதோடு சரி. அறிவுரையில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தீபாவளிக்கு வந்த ஒவ்வொருவரையும் அந்த நீலத்துக்கு நேர் கீழே உட்கார வைத்து, அவர்கள் தாமாக அண்ணாந்து பார்க்கும்வரை பொறுத்திருந்து, 1984இலிருந்து தொடங்கினார். நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடத் தப்பவில்லை. பேச்சு கடுக்காயைத் தாண்டியதும் காபி கொண்டுவரச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார். ஆன்டெனா வரும் இடத்தில் நான் டம்ளருடன் அங்கே நின்றாக வேண்டும்.